அனுமதி பெற்ற எச்சரிக்கை

சவுரிராயனுக்கு மைக்கைத் தொட்டாலே கை நடுங்க ஆரம்பித்தது, அரசாங்கம் அவருக்கு அடையாள அட்டை கொடுத்த பிறகுதான். அதற்கு முன்னால் மைக்கில் பேசித்தான் அவர் குடும்பம் நடத்தினார். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், பெருஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் நெடுந்தாங்கலில் மாதா சவுண்ட் சர்வீஸ் என்றால் அவர்தான். ஒரு குட்டியானை வண்டி, அதன் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், உள்ளே ஒரு ஆம்ப்ளிஃபையர். காதுகுத்து, சாவு, கூழ் ஊற்றுவது, காணாமல் போன மாடு எல்லாமே அவர் குரலில்தான் ஊருக்குத் தெரியவரும்.

ஒவ்வொரு ஊராட்சியும் ஒரு பேரிடர் மேலாண்மைத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நெடுந்தாங்கலுக்கும் ஒரு திட்டம் இருந்தது. ஊராட்சி செயலர் அரங்கநாதன் அதை ஒரே மத்தியானத்தில் தயாரித்தார். கடலோரத்து ஊர் ஒன்றில் செயலராக இருந்த நண்பரிடம் திட்டத்தை வாங்கி, அந்த ஊர்ப் பெயர் வந்த இடத்திலெல்லாம் நெடுந்தாங்கல் என்று மாற்றினார். ஆகவே திட்டத்தின்படி நெடுந்தாங்கல் மீனவர்கள் புயல் காலத்தில் கடலுக்குப் போகக் கூடாது. நெடுந்தாங்கல்காரர்கள் கடல் பார்க்க வேண்டுமானால் இரண்டு பஸ் மாறி மரக்காணம் போக வேண்டும். இருந்தாலும் தடையை ஒருவரும் மீறியதில்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அரங்கநாதன் சொந்தமாக யோசித்தார். கடலோரத்து ஊரில் புயல் பாதுகாப்பு மையம் இருந்தது, இங்கே இல்லை. அதனால் அந்த இடத்தில் 'சமுதாயக் கூடம்' என்று போட்டார். சமுதாயக் கூடம் ஏரிக்கரைக்கு நேர் கீழே, காலனியை ஒட்டி இருந்தது. கட்டும்போது புறம்போக்கு நிலம் அங்கேதான் கிடைத்தது.

திட்டத்தில் எச்சரிக்கைக் குழு என்று ஒன்று இருந்தது. ஊரில் ஸ்பீக்கர் வைத்திருந்தவர் சவுரிராயன் ஒருவர்தான் என்பதால் குழுவும் அவர் ஒருவர்தான்.

அவருக்கு அடையாள அட்டையும், அதன் பின்னால் மடித்து ஒட்டிய எச்சரிக்கை உரையும் கொடுத்துப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். பேரிடர்ப் பிரிவு அலுவலர் சக்கரபாணி வகுப்பெடுத்தார். வெள்ளைச் சட்டையும் நிதானமான குரலும் கொண்ட மனிதர். "உங்க கையில இருக்கறது மைக் இல்ல, சட்டம்" என்று ஆரம்பித்தார். பொய்யான எச்சரிக்கை விட்டுப் பொதுமக்களைப் பீதியடையச் செய்தால் ஒரு வருடம்வரை சிறை. அதிகாரிகள் இட்ட உத்தரவைச் செய்ய மறுத்தாலும் ஒரு வருடம்வரை சிறை. அதனால் உயிர் போனால் இரண்டு வருடம்.

சவுரிராயன் கையைத் தூக்கினார். "சார், தண்ணி வந்தா ஒடனே சொல்லிடலாமா?"

"அது பேரிடர்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தண்ணி வருதே சார்."

"தண்ணி வந்தா அது தண்ணி. அது பேரிடரா இல்லையான்னு அறிவிக்கறதுக்கு அதிகாரம் உள்ளவங்க இருக்காங்க. அவங்க அறிவிச்சப்புறம்தான் அது பேரிடர். அதுவரைக்கும் நீங்க பாக்கறது வதந்தி."

வீட்டுக்கு வந்து மனைவி ஜெசிந்தாவிடம் சொன்னார். அவள் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அப்ப வாயத் தெறந்தாலும் ஜெயிலு, மூடுனாலும் ஜெயிலா?"

"ஆமா."

"இன்னாயா இது பேஜாரா இருக்குது. அட்டைய திருப்பிக் குடுத்துட்டு வந்துடு."

"குடுத்தா, உத்தரவ மறுத்தேன்னு அதுக்கும் ஜெயிலாம். கேட்டுட்டுத்தான் வர்றேன்."

அன்றிலிருந்து சவுரிராயன் மைக்கில் பேசுமுன் ஒவ்வொரு வார்த்தையையும் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்படியும் தப்பவில்லை. மேலத்தெருவில் வெள்ளையம்மாள் என்ற கிழவி இறந்துபோனாள். சவுரிராயன் வழக்கம்போலத் தெருத்தெருவாகப் போய், "வெள்ளையம்மாள் அவர்கள் இன்று காலை இயற்கை எய்தினார்" என்று சொன்னார். அரைமணி நேரத்தில் அரங்கநாதன் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னா சவுரி, வெள்ளம்னு சொல்லிக்கினு போறியாமே. பக்கத்து ஊர்ல கேட்டுட்டு போன் பண்றான்."

"வெள்ளையம்மாளுங்க. செத்துப்போச்சிங்க."

"அது எனக்குத் தெரியும். காத்துல பாதிதானே போய்ச் சேருது. மழைக் காலத்துல இந்த மாதிரி பேருக்காரங்க செத்தா கொஞ்சம் பாத்துச் சொல்லு."

சவுரிராயன் திரும்பவும் தெருத்தெருவாகப் போய், "சற்று முன் இயற்கை எய்தியவர் ஒரு மூதாட்டி மட்டுமே, வேறு எதுவும் இல்லை" என்று அறிவித்தார். எழவு வீட்டுக்காரர்கள் அவரோடு ஒரு மாதம் பேசவில்லை.

ஐப்பசியில் ஒத்திகை வைத்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்த வேண்டும் என்று திட்டத்தில் இருந்தது. சமுதாயக் கூடத்தின் முன்னால் ஷாமியானா, நாற்காலி, பேனர். காலையில் வரவேண்டிய வெள்ளம், சக்கரபாணியின் ஜீப் தாமதமானதால் மத்தியானத்துக்குத் தள்ளிப்போடப்பட்டது. ஒத்திகைக்கு வேண்டிய தண்ணீரை இரண்டு டிரம்மில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

ஆடு மேய்க்கும் பாஞ்சாலிக்கு வெள்ளத்தில் சிக்கியவள் வேடம். கூடத்துக்குள் தரையில் படுத்திருக்க வேண்டும், மீட்புக் குழு வந்து தூக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது.

சக்கரபாணி பேசினார். "பேரிடர் எப்ப வேணா வரலாம். ஆனா திட்டம் இல்லாம வரக்கூடாது. பல ஊர்ல பேரிடர் வந்த பிறகு திட்டம் போடறாங்க. நாம பேரிடருக்கு முன்னாடியே திட்டம் போட்டுட்டோம். சட்டப்படி நம்ம வேலை முடிஞ்சிடுச்சு. இனிமே நடக்கறது பேரிடரோட பொறுப்பு. ஒரே ஒரு வேண்டுகோள். ஒலிபெருக்கியில வராத எதையும் நம்பாதீங்க. பக்கத்து வீட்டுக்காரன் சொன்னான், கண்ணால பாத்தேன், இதெல்லாம் வேண்டாம்."

பிறகு பிரியாணி வந்தது. மீட்புக் குழு முதல் பந்தியில் உட்கார்ந்தது. சாப்பிட்டு முடித்து ஜீப்புகள் கிளம்பிப்போன பிறகுதான், ஒயர் சுருட்ட உள்ளே போன சவுரிராயன் பாஞ்சாலியைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

"என்னை மீட்டுட்டாங்களாண்ணே?"

"எல்லாரும் பூட்டாங்க. எழுந்திரு."

அவள் எழுந்து முதுகைத் தடவிப் பார்த்தாள். புடவை நனைந்திருந்தது. "டிரம்மு தண்ணி இல்லண்ணே. தரையில இருந்து ஊறிக்கினு வருது. காலையில இருந்து சில்லுனு ஏறுது. எனக்கு பயமாப் பூட்டுது, கத்தலாம்னு பாத்தேன். பேசக்கூடாதுன்னு சொல்லிட்டாங்களே."

சவுரிராயன் தரையில் கையை வைத்துப் பார்த்தார். சிமெண்டு வெடிப்பில் தண்ணீர் மெல்லத் துளிர்த்து நின்றது. சுவருக்குப் பின்னால்தான் கரை, கரைக்குப் பின்னால் ஏரி. கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். இதை யாரிடம் சொல்வது என்று நினைத்தார். சொன்னால் அது எச்சரிக்கையாகிவிடுமோ என்றும் நினைத்தார். கடைசியில் அரங்கநாதனிடம் சொன்னார். அவர், "ஒத்திகை முடிஞ்சிடுச்சே, அப்புறம் எதுக்கு அந்தத் தண்ணி?" என்று கேட்டுவிட்டு பைக்கை உதைத்தார்.

கார்த்திகையில் புயல் வந்தது. நான்கைந்து நாள் விடாமல் அடித்தது. ஏரி நிரம்பி, கலங்கல் வழியாக உபரித் தண்ணீர் இரைச்சலோடு ஓடியது. பிறகு ஒரு காலையில் மழை நின்று வெயில் வந்தது. காலனியில் எல்லோரும் பாயையும் துணியையும் எடுத்துக் கூரையில் உலர்த்தினார்கள். ஜெசிந்தா விறகு காயவைக்கக் கரைப் பக்கம் போனவள், வெறுங்கையோடு ஓடிவந்தாள்.

"யோவ், கூடத்துக்குப் பின்னாடி கரை அடியில தண்ணி கொப்புளிக்குதுயா. செம்மண்ணு கலருல வருது. முன்ன வெரல் மொத்தம் இருந்துச்சி, நான் பாத்துக்கினு இருக்கசொல்லவே கை மொத்தம் ஆயிடுச்சி."

சவுரிராயன் போய்ப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரையிலிருந்து ஒரு மண்கட்டி வழுக்கி விழுந்து கரைந்துபோனது. அரங்கநாதனுக்குப் போன் போட்டார்.

அரங்கநாதன் விழுப்புரத்தில் இருந்தார். அங்கே பேரிடர் ஆயத்த மாநாடு நடந்துகொண்டிருந்தது. சிறந்த திட்டத்துக்கான கேடயம் நெடுந்தாங்கலுக்குக் கிடைத்திருந்தது.

"கசிவா, உடைப்பா?" என்று மெதுவான குரலில் கேட்டார்.

"கசிவுங்க. பெருசாய்க்கினே வருதுங்க."

"திட்டத்துல கசிவு இல்லையே சவுரி. உடைப்பு மட்டும்தான் இருக்கு. உடைஞ்சதும் போன் பண்ணு, நான் எடுக்கறேன்."

சவுரிராயன் சக்கரபாணிக்கே போட்டார். பின்னால் கைதட்டல் சத்தம் கேட்டது.

"இன்னைக்கு மழையே இல்லையே" என்றார் சக்கரபாணி. "வெயில் அடிக்குது. உங்க ஊரு இப்ப மஞ்சள் நிலை. மஞ்சள்ல எச்சரிக்கைக் குழு தயார் நிலையில இருக்கணும், பேசக்கூடாது. ஆரஞ்சு வந்தாதான் உரையைப் படிக்கணும்."

"தண்ணி செகப்பா வருது சார்."

"நெறத்தை நாங்க சொல்லணும். பதட்டப்படாதீங்க. நான் மேல பேசிட்டு அனுமதி வாங்கித் தர்றேன். அதுக்குள்ள நீங்க மைக்கை எடுத்தீங்கன்னா அது பொய் எச்சரிக்கை. சட்டம் ஞாபகம் இருக்குல்ல?"

இருந்தது. சவுரிராயன் குட்டியானையைக் காலனி முனையில் கொண்டுவந்து நிறுத்தி, மைக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கரைப் பக்கமிருந்து சட்டி பொங்குவது போல ஒரு சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. எதிரே பெண்கள் துணி பிழிந்துகொண்டிருந்தார்கள். ஒரு திண்ணையில்லாத வீட்டு வாசலில் யாரோ குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்கள். சத்தம் அவர்களுக்கும் கேட்டிருக்கும். கலங்கல் சத்தம் என்று நினைத்திருப்பார்கள்.

"நீ குந்தியிரு. நான் போய் வாயால சொல்லிட்டு வர்றேன்" என்று ஜெசிந்தா வீடு வீடாகப் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பிவந்தாள்.

"யாரும் எழுந்திரிக்கல. ஒலிபெருக்கியில வராதத நம்பாதீங்கன்னு ஆபீசர் சொன்னாராம். ஒன் புருசன் வண்டியோட சும்மாத்தான குந்திக்கினு இருக்காரு, நெசமா இருந்தா சொல்ல மாட்டாராங்கிறாங்க."

சவுரிராயன் மைக்கைத் தூக்கினார், வைத்தார். மறுபடி தூக்கினார். கரை நிற்கலாம். நின்றுவிட்டால் அவர் ஜெயிலுக்குப் போவார், வண்டியைப் பிடித்துக்கொள்வார்கள், ஜெசிந்தா தெருவில் நிற்பாள். கரை உடையலாம். உடைந்தால், துணி பிழியும் இந்தப் பெண்கள். அவருக்குக் கரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் பாட்டுப் போடுகிறவர்.

போன் அடித்தது.

"வாழ்த்துகள்" என்றார் சக்கரபாணி. "ஆரஞ்சு ஆயிடுச்சு. அனுமதி கெடச்சிடுச்சு. உரையை அப்படியே படிங்க. ஒரு வார்த்தை மாத்தக் கூடாது."

சவுரிராயன் அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருந்த உரையைப் பிரித்தார். கண் கடைசி வரிக்குப் போனது. அங்கேயே நின்றது. பொதுமக்கள் அனைவரும் உடனடியாகச் சமுதாயக் கூடத்துக்குச் சென்று பாதுகாப்பாக அமரவும்.

"சார், கூடம் கரைக்குக் கீழ கீது சார். தண்ணி அங்கதான் கொப்புளிக்குது."

"திட்டத்துல அதுதான் பாதுகாப்பு மையம்."

"பாறமேட்டு இஸ்கூலுக்குப் போகச் சொல்றேன் சார். மேடா கீது."

"பள்ளிக்கூடம் வேற துறை. தொறக்கறதுக்குத் தனி அனுமதி வேணும். நீங்களா அங்க அனுப்புனா அது வேற எச்சரிக்கை, அனுமதி பெறாதது. சவுரிராயன், யோசிக்காதீங்க. யோசிக்கறதுக்கு ஒரு குழு இருக்கு."

போன் வைக்கப்பட்டது. சவுரிராயன் ஜெசிந்தாவைப் பார்த்தார். உரையை அவளிடம் காட்டினார். அவள் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெள்ளம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வேறு என்ன சொன்னால் காலனி மொத்தமும் மேட்டுக்கு ஓடும் என்று நினைத்தார். அதற்குப் பெரிய யோசனை தேவைப்படவில்லை. பொங்கலுக்கு, தேர்தலுக்கு, கட்சிக்காரர் பிறந்தநாளுக்கு என்று அந்த மாதிரி அறிவிப்பை எத்தனையோ முறை அவரே செய்திருந்தார். மைக்கை ஆன் செய்து, திருவிழாக் குரலில் தொடங்கினார்.

"அன்பார்ந்த தாய்மார்களே, பெரியோர்களே. பாறைமேட்டுப் பள்ளிக்கூடத்தில் இப்போது, இந்த நிமிடமே, புயல் நிவாரணப் புடவை, வேட்டி, அரிசி வழங்கப்படுகிறது. இருப்பு குறைவு. முந்துபவர்களுக்கே முன்னுரிமை. வீட்டுக்கு ஒருவர் வந்தால் கிடைக்காது. தலையை எண்ணித்தான் தருவார்கள். கைக்குழந்தைக்கும் தனிப் பங்கு உண்டு. நடக்க முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டு வரவும், அவர்களுக்கு இரண்டு பங்கு. ஆடு மாடுகளுக்குத் தீவனம் உண்டு, ஓட்டிக்கொண்டு வரவும்."

முதல் சுற்று முடியுமுன்னே காலனி கிளம்பிவிட்டது. பிழிந்த துணி பிழிந்தபடி கிடந்தது. படுத்த படுக்கையாக இருந்த மாமியாரை ஒருத்தி கட்டிலோடு தூக்க ஆள் கூப்பிட்டாள். பாஞ்சாலி ஆடுகளை அடித்து ஓட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஏறினாள். மேட்டில் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு போனார்கள். சவுரிராயன் மூன்று தெருவிலும் வண்டியை விட்டார். கடைசித் தெரு காலியாக இருந்தது.

"மேட்டுக்கு ஏத்துயா வண்டிய, ஜல்தி" என்றாள் ஜெசிந்தா.

"உரையப் படிக்கணுமே."

"யாருக்குயா படிக்கப் போற?"

"படிக்காட்டி ஜெயிலு" என்றார் சவுரிராயன். ஆளில்லாத தெருவில் வண்டியை நிறுத்தி, அனுமதி பெற்ற எச்சரிக்கையை முதல் வரியிலிருந்து வாசித்தார். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று வாசித்தார். பொதுமக்கள் அனைவரும் சமுதாயக் கூடத்தில் பாதுகாப்பாக அமரவும் என்று வாசிக்கும்போது, செந்நிறத் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்திருந்தது. ஒரு வார்த்தை மாற்றவில்லை. ஜெசிந்தா அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிப் போட்டு, "எடு வண்டிய" என்று தோளில் அறைந்தாள்.

மேட்டில் பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. பூட்டின் முன்னால் நீள வரிசை நின்றது. சவுரிராயன் இறங்கியதும் பாஞ்சாலி அவர் சட்டையைப் பிடித்தாள்.

"பொடவ எங்கண்ணே?"

கீழே ஒரு சத்தம் கேட்டது. வெடிச்சத்தம் மாதிரி இல்லை. பெரிய வண்டி ஒன்று நிறைய ஜல்லியைக் கொட்டுகிற மாதிரி கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். கரையில் ஒரு வாசல் திறந்திருந்தது. அதன் வழியாக ஏரி எழுந்து வந்தது. சமுதாயக் கூடம் கொஞ்ச நேரம் நடுத்தண்ணீரில் நின்றது. பிறகு அதன் ஒரு பக்கச் சுவர் மடங்கியது, பிறகு கூரை தெரியவில்லை. காலனி வீட்டுக் கூரைகளில் உலர்த்திய பாய்கள் மிதந்து போயின.

பாஞ்சாலி சவுரிராயனின் சட்டையை விடவில்லை. பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வரிசை கலையவில்லை. எங்கே போவது என்று யாருக்கும் தெரியாததால் எல்லோரும் வரிசையிலேயே நின்றார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு சக்கரபாணி விசாரணைக்கு வந்தார். அரங்கநாதன் கேடயத்தோடு வந்தார். பள்ளிக்கூடத்து மரத்தடியில் நாற்காலி போட்டார்கள்.

"உயிர்ச்சேதம் பூஜ்யம்" என்றார் சக்கரபாணி. "நான் எத்தனையோ வெள்ளம் பாத்திருக்கேன். திட்டப்படி நடந்த முதல் வெள்ளம் இதுதான். எச்சரிக்கை உரை முழுசாப் படிக்கப்பட்டிருக்கு. பாராட்டுகள்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா அதுக்கு முன்னாடி புடவை பத்தி ஏதோ சொன்னீங்களாமே."

"ஆமாங்க சார்."

"இல்லாத நிவாரணத்த இருக்குன்னு சொல்றது எவ்ளோ பெரிய தப்பு தெரியுமா? அன்னைக்கு ஜனங்க பீதியடைஞ்சிருந்தா பரவாயில்ல, அதுக்கு எங்ககிட்ட நடைமுறை இருக்கு. ஆசைப்பட்டு ஓடியிருக்காங்க. அதுக்கு நடைமுறையே இல்ல. நாளைக்கு ஊருக்கு ஊரு புடவை கேட்டா யார் குடுக்கறது?"

"கூடத்துக்கு அனுப்பியிருந்தா செத்திருப்பாங்க சார்."

"கூடத்துல எத்தனை பேர் செத்தாங்க?"

"யாரும் இல்லீங்க. யாரும் அங்க போகலியே."

"அப்ப, பாதுகாப்பு மையத்துல உயிர்ச்சேதம் இல்ல" என்று சக்கரபாணி அரங்கநாதனிடம் சொன்னார். "மையம் பாதுகாப்பானதுன்னு நிரூபிக்கப்பட்டிருக்கு. அதே இடத்துல பெருசாக் கட்டறதுக்கு எழுதுங்க."

சவுரிராயனை எச்சரித்து விட்டுவிட்டார்கள். அவர் நன்றி சொன்னார். அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மாசியில் புதுக் கூடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கரையில் உடைந்த இடத்தை மணல் மூட்டை போட்டு அடைத்திருந்தார்கள். மார்கழி மழையில் ஏரி மறுபடி பாதிக்குமேல் நிரம்பியிருந்தது. மூட்டைகளுக்கு நேர் கீழே ஷாமியானா போட்டு, நாற்காலிகளை வரிசையாக அடுக்கினார்கள். சவுரிராயன் உத்தரவுப்படி தெருத்தெருவாகப் போய் அனைவரையும் வரச் சொல்லி அறிவித்திருந்தார். அனைவரும் வந்திருந்தார்கள். ஆனால் ஷாமியானாவுக்குள் வரவில்லை. தள்ளி, மேடு ஏறும் சரிவில் கைக்குழந்தைகளோடும் ஆடுகளோடும் நின்றார்கள்.

சக்கரபாணி காலி நாற்காலிகளைப் பார்த்தார். "உள்ள வந்து உக்காரச் சொல்லுங்க" என்றார்.

சவுரிராயன் மைக்கை எடுத்தார். கை நடுங்கியது. ஒயரை இழுத்துக்கொண்டு சரிவை நோக்கி நடந்தார். ஒயர் எட்டும்வரை நடந்து, ஜெசிந்தாவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"அன்பார்ந்த பொதுமக்களே" என்றார். "ஐயா உள்ள வந்து உக்காரச் சொல்றாரு. இது ஐயா சொல்றது. நான் இங்கதான் நிக்கிறேன்."

யாரும் அசையவில்லை. சக்கரபாணி மெல்லத் திரும்பி, பின்னாலிருந்த மணல் மூட்டைகளை ஒருமுறை பார்த்தார். ஒரு மூட்டையின் அடியில் ஈரம் தெரிந்தது. நேரமின்மை காரணமாகப் பேச்சைச் சுருக்கிக்கொள்வதாக அவர் அறிவித்தார்.